வக்கீல் கேட்ட நாய்

நாய் வளர்க்க வேண்டும் என்று பெரியவள் முதன்முதலாக வாய் திறந்தது ஒரு புதன்கிழமை காலையில். அவளுடைய அம்மா அப்போது ஆறு கால்சட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு எதில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஓட்டை என்றால் கிழிசல் இல்லை. கிழிசலுக்கு ஓரம் உண்டு, இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம். இது அமிலம் தெறித்து அரித்த ஓட்டை. பார்க்க ஒரு மிளகு அளவுதான் இருக்கும். விரலை வைத்தால் சுற்றிலும் உள்ள துணியும் சாம்பல் மாதிரி உதிரும். எதுவரை வெட்டி எறிந்தால் நல்ல துணி வரும், எங்கே ஒட்டுப் போட்டால் நிற்கும் என்பது அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் தெருக்கோடியில் இருந்த பழைய பேட்டரிப் பட்டறையின் ஆறு ஆட்களுடைய துணியும் அவள் வீட்டுக்குத்தான் வரும். முதலில் உதறுவாள், பிறகு தைப்பாள், கடைசியில் துவைப்பாள். நனைந்த துணியில் மிஷின் ஓடாது என்பதால் அந்த வரிசை. அந்த ஆறு பேரில் ஒருவர் அவள் கணவர். லாரியில் வந்து இறங்கும் செத்துப்போன பேட்டரிகளை மற்றவர்கள் உடைத்துத் தகடுகளை உருவிக் கொடுக்க, அவர் அதைக் கொப்பரையில் உருக்கி, அழுக்கை அகப்பையால் வழித்து எறிந்து, ஈயத்தைக் கட்டி கட்டியாக வார்ப்பார். ஊரில் அவருக்கு உருக்குக்காரர் என்றே பெயர். அவளுக்குத் தையல்காரி.

"அம்மா."

"ம்."

"ஒண்ணு கேப்பேன். உடனே இல்லன்னு சொல்லக் கூடாது."

"நான் இல்லன்னுதான் சொல்லுவேன்னு உனக்கே தெரியுது. அப்புறம் எதுக்குக் கேக்கறே?"

"கேளேன்மா முதல்ல. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வீட்டு நாய் அஞ்சு குட்டி போட்டிருக்கு. நாலுக்கு ஆள் வந்தாச்சு. ஒண்ணை எனக்குன்னு எடுத்து வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் வச்சிருப்பாராம்."

"அவரை யாரு வைக்கச் சொன்னா?"

"நான்தான்."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வீட்ல நாலு உருப்படி இருக்கோம். அதுலயே ஒண்ணு சொன்ன பேச்சு கேக்கறதில்ல. அஞ்சாவது வேறயா?"

"எந்த உருப்படியைச் சொல்றே?"

"கண்ணாடியில போய்ப் பாரு."

பெரியவளுக்குப் பதினோரு வயது. அப்பா அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார். எதிலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த கதவு வழியாக வருவாள். அன்றைக்கும் வந்தாள். நாய் மிச்சம் மீதியைத்தான் தின்னும் என்றாள். குளிப்பாட்டுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் தன் பொறுப்பு என்றாள். காற்றடிக்கிற நாளில் பின்கதவு தானாகத் திறந்துகொள்கிறதே, அதற்குக் காவல் வேண்டாமா என்றாள். அம்மா எதற்கும் அசையவில்லை. மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாகப் பெரியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நேத்து உருண்டையையும் தூக்கிட்டுப் போனேன்மா. குட்டிகிட்ட உட்கார்ந்தான். கையை நீட்டி 'வா'ன்னான்."

மிஷின் நின்றது.

"நிஜமாவா?"

"சத்தியமா. ரெண்டு தடவை. வா, வா."

உருண்டை என்பது தம்பி. மூன்று வயது ஆகப்போகிறது. பிறந்தபோது கை கால் எல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது மடிப்பும் இல்லை, உருட்சியும் இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. போன வருஷம் அவனிடம் ஒரு பத்துச் சொற்கள் இருந்தன. பால், போ, வா, அக்கா, லாரி, இன்னும் நாலைந்து. மழைக்காலம் முடிந்த பிறகு அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. லாரி போனது யாருக்கும் தெரியவில்லை. அக்கா போனபோது பெரியவள் அழுதாள். பால் போன பிறகுதான் தையல்காரி அவனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலைய நர்சிடம் போனாள். வயிற்றில் பூச்சி என்று நர்ஸ் மருந்து கொடுத்தாள். மறுபடி போனபோது சத்துக்குறைவு என்றாள். முட்டை கொடு, கீரை கொடு என்றாள். அவன் முட்டையைத் துப்பினான். கீரையைக் கண்டால் தலையைத் திருப்பினான். சன்னல் கட்டையில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டு நிற்பது மட்டும்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. பல் வருகிற பிள்ளைகள் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். பல் எல்லாம் வந்து முடிந்து வெகு நாளாகிவிட்டது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்பா வரட்டும்" என்றாள் தையல்காரி.

அந்த வீட்டில் 'அப்பா வரட்டும்' என்றால் பாதி சம்மதம் என்று பெரியவளுக்குத் தெரியும்.

பட்டறை வேலை விடியும்போதே தொடங்கிவிடும். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிடும். உருக்குக்காரர் வாசலிலேயே பூட்சைக் கழற்றிவிட்டு வருவார். அடியில் அமிலம் ஒட்டியிருக்கும், பிள்ளைகள் நடக்கிற தரையில் படக்கூடாது என்பார். அந்த விஷயத்தில் அவரைப் போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது. அமிலத்தை அவர் பாம்பாக நினைத்தார். தகட்டுத் தூளை வெறும் மண்ணாக நினைத்தார். பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒன்று தொட்டால் எரிகிறது, துணியைத் தின்கிறது. மற்றது ஒன்றும் செய்வதில்லை. மேலே படிகிறது, தட்டினால் போகிறது. அவ்வளவுதானே என்று இருந்தார்கள்.

உருண்டை தள்ளாடித் தள்ளாடி ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொள்வான். தூக்கினால் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவர் சட்டையைக் கழற்றியதும் அது அவனுடையதாகிவிடும். மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், சுருட்டி, மேலே படுத்து, காலரை வாயில் வைத்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம். துவைத்த சட்டையை ஒருமுறை தையல்காரி கொடுத்துப் பார்த்தாள், விசிறி எறிந்தான். அதனால் மற்ற ஐந்து பேர் துணியும் நனைந்து காய்ந்துகொண்டிருக்கும்போது உருக்குக்காரரின் சட்டை மட்டும் வாரக்கடைசி வரை அழுக்காகவே கிடக்கும்.

"இவனுக்கு அப்பாவே வேணாம். சட்டை போதும்" என்று அவள் பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அவர் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது பெரியவள் போய் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன வக்கீலம்மா, இன்னைக்கு என்ன கேசு?"

"நாய் கேசு."

அவர் மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஒரு குட்டிப்பா. வாட்ச்மேன் வீட்டு..."

"வேணாம்."

"முழுசாக் கேளுங்கப்பா."

"நாய் வேணாம். வேற ஏதாவது கேளு."

"ஏன்பா?"

"வேணாம்னா வேணாம்."

கையில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போனார். தையல்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது. மகள் எதைக் கேட்டாலும் அரை மணி நேரம் வழக்காடி, தோற்பதுபோல் நடித்து, கொடுப்பதுதான் அவர் வழக்கம். காரணம் சொல்லாமல் எழுந்து போனதை அவள் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை கோடாலிக்காரர் தன் கால்சட்டையை வாங்கிப்போக வந்தார். பேட்டரிகளைக் கோடாலியால் பிளக்கிறவர் அவர். அவர் துணியில்தான் ஓட்டை அதிகம். வரும்போதே சிரிப்பையும் கூட்டிக்கொண்டு வருகிற மனிதர்.

"தங்கச்சி, போன தடவை முழங்கால்ல ஒட்டுப் போட்டே பாரு, என் பெண்டாட்டிக்கு ஒரே சந்தேகம். யாருடைய பாவாடைத் துணின்னு கேக்கறா."

"சன்னல் திரைத் துணின்னு சொல்லுங்கண்ணே."

"சொன்னேன். எந்த வீட்டுச் சன்னல்னு கேக்கறா."

பெரியவள் கதவோரம் வந்து நின்றாள். "மாமா, அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க மாமா. நாங்க நாய் வளர்க்கப் போறோம்."

"உங்க வீட்டுக்கு நாய் எதுக்கு? குரைக்கத்தான் நீ இருக்கியே."

"கடிக்கவும் செய்வேன். பட்டறையில நாய் இருக்கா மாமா?"

கோடாலிக்காரர் கால்சட்டையை மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்துத்தான் கொடுத்திருந்தாள். பிரித்து மறுபடி மடித்தார்.

"இப்ப இல்ல" என்றார்.

"முன்னாடி இருந்துதா?"

"இருந்துது. அதெல்லாம் உங்கப்பன்கிட்ட கேளு." பிறகு தையல்காரியைப் பார்த்து, "பிள்ளைக்கு ஆசை காட்டாதே தங்கச்சி. இந்தத் தெருவுல நீ வந்த நாளா ஒரு நாயைப் பாத்திருக்கியா?" என்றார்.

அவர் போன பிறகு அவள் வாசலில் நின்று பார்த்தாள். பதினெட்டு வீடுகள், ஒரு பெட்டிக்கடை, கோடியில் பட்டறைச் சுவர், அதற்குமேல் புகைபோக்கி. காற்று அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஏழு வருஷமாக அவள் இங்கே இருக்கிறாள். அடுத்த தெருவில் நாய்கள் சண்டை போடுவது கேட்கும். குப்பைத் தொட்டி இங்கேயும்தான் இருந்தது, கசாப்புக் கடைக்காரரின் கழிவும் அதில்தான் விழுந்தது. ஒரு நாயும் இல்லை. ஒரு பூனை மதில்மேல் நடந்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. இத்தனை நாள் இது ஏன் தன் கண்ணில் படவில்லை என்று நினைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெரியவள் மனு எழுதினாள். கோடு போட்ட தாள், மேலே தேதி, கீழே கையெழுத்து. 'மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு' என்று தொடங்கி, நாய் வந்தால் இனி தான் எதிர்த்துப் பேசப்போவதில்லை என்றும், அப்படிப் பேசினால் நாயைத் திருப்பிக் கொடுத்துவிடச் சம்மதம் என்றும் எழுதியிருந்தாள். தம்பியும் மனுதாரர் என்பதால் அவனுடைய கைநாட்டும் வேண்டும். மை தேடினாள், கிடைக்கவில்லை. சன்னல் கட்டையில் அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தி, அப்படியே தாளில் வைத்தாள். ரேகை ரேகையாகச் சாம்பல் நிறத்தில் அழகாக விழுந்தது. விரலைத் துடைப்பதற்குள் அவன் அதை வாயில் வைத்துக்கொண்டான்.

உருக்குக்காரர் மனுவைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எதிர்த்துப் பேச மாட்டியா நீ? இதுக்காகவே நாய் வாங்கலாம் போல இருக்கே." சிரித்துக்கொண்டே தாளை நாலாக மடித்து மகளிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆனா வேணாம்டா கண்ணு. அப்பா சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்."

"என்ன அர்த்தம்?"

"இருக்கும்."

சனிக்கிழமை உருண்டைக்கு வயிற்றுவலி. முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். நாலு நாளாக அவனுக்கு வெளிக்குப் போகவில்லை. வெந்நீர் கொடுத்தாள். வயிற்றில் எண்ணெய் தடவினாள். எதற்கும் வலி நிற்கவில்லை. அப்பா முந்தின நாள் கழற்றிப் போட்ட சட்டையை முகத்தில் வைத்ததும் முனகல் அடங்கியது. அவளுக்கு நன்றியாக இருந்தது. ஏதோ ஒன்றாவது பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

மத்தியானம் எழுந்து நடந்தவன் வாசற்படியில் தடுக்கி விழுந்தான். அந்தப் படியில் அவன் ஒரு வருஷமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான்.

தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் மகளிடம் சொன்னாள்: "நாளைக்கு நான் பேசறேன் அப்பாகிட்ட. குட்டி வந்தா இவன் பேசுவான்னா, வரட்டும். அவர் என்ன சொன்னாலும் சரி."

பெரியவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளாகப் பகலெல்லாம் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. பட்டறைப் பக்கத்து வானம் ஈயக்கட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உருக்குக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மழை வருகிற புழுக்கம். உருண்டை மூலையில் சட்டைமேல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெரியவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாக இருந்தாள். வாட்ச்மேன் ஐந்து மணிவரைதான் என்று சொல்லியிருந்தார்.

தையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, குட்டியைப் போய்க் கூட்டிட்டு வாங்க."

"நீயுமா?"

"நானும்தான். புள்ள அதுகிட்ட வாய் திறந்திருக்கான். எங்கிட்டகூட அவன் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? நீங்க வேணாம்னா காரணத்தைச் சொல்லுங்க. சும்மா வேணாம் வேணாம்னா என்ன அர்த்தம்? நாய் உங்களை என்ன பண்ணுச்சு?"

"நாய் என்னை என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணல. நாங்கதான் என்னமோ பண்ணிட்டோம்." அவர் மகளைப் பார்த்தார். "நீ வெளிய போய் விளையாடு."

"நான்தான் மனுதாரர்" என்றாள் பெரியவள்.

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, கேட்டுக்கோ. கேட்டா அப்புறம் நாய்னு வாயே திறக்க மாட்டே. நீங்கல்லாம் இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி பட்டறைக்கு மூணு நாய் வந்துச்சு. ஒண்ணு மாத்தி ஒண்ணு. முதல்ல வந்தது கருப்பு. நல்லா கொழுகொழுன்னு வந்துச்சு. சோறு, எலும்பு, பாலு, யார் எதைத் தின்னாலும் அதுக்கும் ஒரு பங்கு. ஆறு மாசம்தான். அப்புறம் திங்க மாட்டேன்னுடுச்சு. எலும்பை மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். ஆனா மரத்தைக் கடிக்கும், சுவத்தை நக்கும். வயித்தைச் சுருட்டிக்கிட்டு முனகிக்கிட்டே கிடக்கும். பின்னங்கால் தள்ளாடும். தினமும் தாண்டற வாசப்படியில தடுக்கி விழும்."

தையல்காரி வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசியில கூப்பிட்டாக்கூட வராது. பேரு மறந்துபோச்சு அதுக்கு. எங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கும், யாருன்னு தெரியாத மாதிரி. அப்புறம் ஒரு நாள் வலிப்பு வந்துச்சு. அதுலயே செத்துப்போச்சு. ரெண்டாவது, செவலை. அதுக்கும் அதே கதி. அமிலக் குழியில வாய் வச்சிருக்கும்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். நான்தான் பலகை வெட்டிக் குழியை மூடினேன், ஒரு எறும்பு போக வழியில்லாம. மூடிட்டுத்தான் மூணாவதை எடுத்தோம்."

"அது?"

"அதுவும்தான். நாலே மாசம். அதான் எனக்குப் புரியல. குழியை மூடியாச்சு. தண்ணி வெளியிலேருந்து கொண்டுவந்து வச்சோம். கோடாலிக்காரன் உட்கார்ந்து அழுதான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே என் கையால ஒரு வாயில்லா ஜீவனை இங்க கொண்டாரக் கூடாதுன்னு." மகள் பக்கம் திரும்பினார். "நாய் உடம்பு அப்படி போலிருக்குடா. நம்மைப் போல தாங்காது. வேணாம்."

வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. தையல்காரி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியாக உதறி, சட்டைப்பையைக் கவிழ்த்து, எங்கே நல்ல துணி தொடங்குகிறது என்று தேடுகிறவள் அவள். அப்படித் தேடுகிற குரலிலேயே கேட்டாள்:

"அது எங்க படுக்கும்?"

"எது?"

"அந்த நாய்ங்க. பட்டறையில எந்த இடத்துல படுக்கும்?"

"இதென்ன கேள்வி? நாங்க சட்டை கழட்டிப் போடற மூலையில. மூணுக்கும் அதே இடம்தான். விரட்டினாலும் போகாதுங்க. எங்க வாடை அதுங்களுக்குப் பிடிக்கும் போல. மூக்கை உள்ள விட்டுக்கிட்டு, காலரை நக்கிக்கிட்டு..."

அவர் நிறுத்தினார்.

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் மூன்று பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் உருண்டை தூக்கத்தில் காலரைச் சப்பினான். உதட்டோரம் சாம்பல் நிறத்தில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது.

"அப்பா" என்றாள் பெரியவள். வழக்காடுகிற குரல் இல்லை அது. "நாய் எதனால செத்துச்சுன்னு டாக்டர் யாராவது பாத்தாங்களா?"

"நாய்க்கு எங்கடா டாக்டர்..." என்றார்.

தையல்காரி எழுந்து போய்ச் சட்டையின் நுனியைப் பிடித்து உருவினாள். பிள்ளை விடவில்லை. தூக்கத்திலேயே விரல்கள் இறுக்கின. ஒவ்வொரு விரலாக அவள் பிரிக்க, அவன் விழித்துக்கொண்டு வீறிட்டான். சட்டையைச் சுருட்டி வாசல் வழியாகத் தெருவில் எறிந்தாள். எறிந்த கை அப்படியே நின்றது. உள்ளங்கை முழுக்கத் தகட்டுத் தூள். திரும்பி மிஷினைப் பார்த்தாள். அதன் காலடியில், அவள் தினமும் இரண்டு வேளை பெருக்கித் தள்ளுகிற இடத்தில், அன்று காலையில் உதறிய துணிகளின் தூள் ஒரு சின்ன மேடாகக் கிடந்தது. பிள்ளையின் கால்தடம் அதன் நடுவில் தெளிவாகப் பதிந்திருந்தது. ஆறு பேர் துணி. ஏழு வருஷம். கருவுற்றிருந்தபோது வயிற்றின்மேல் வைத்துத்தான் தைத்தாள்.

"காலையில முதல் பஸ்ஸுல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. "நர்சம்மாகிட்ட இல்ல. நீங்களும் வரணும். என்ன வேலை செய்யறீங்க, எதை உருக்கறீங்க, எல்லாத்தையும் நீங்களே உங்க வாயால சொல்லணும். நாய் செத்ததையும் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். எழுந்து நின்றார். நிற்கும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சட்டை போய்விட்டது என்று புரிந்ததும் உருண்டை அழுதுகொண்டே அப்பாவிடம் போனான். தள்ளாடிப் போய், வழக்கம்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

உருக்குக்காரர் பின்னால் நகர்ந்தார்.

பிள்ளை ஓரடி முன்னால் வந்தான். அவர் இன்னும் ஓரடி நகர்ந்தார். இப்படியே பின்வாசல் நிலைவரை போய், அதையும் தாண்டி மழையில் இறங்கிவிட்டார். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில் போய் நின்று, பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு, கைகளைத் தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீரில் தலையைக் காட்டினார். கழுத்து, அக்குள், நகக்கண் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தண்ணீர் அவர் மேலிருந்து சாம்பலாக இறங்கி, காலைச் சுற்றிச் சேர்ந்து, வழி தேடி ஓடியது.

தையல்காரி பாய்ந்து போய்ப் பிள்ளையை நிலையிலேயே பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் தன் சேலையைப் பார்த்துவிட்டு, அவனை உடம்போடு சேர்க்காமல் தள்ளியே பிடித்திருந்தாள். அவன் திமிறினான்.

பெரியவள் பின்வாசல் படியில் வந்து நின்றாள். கடிகாரத்தில் ஐந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, நாய் வேணாம்ப்பா. நான் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். உள்ள வாங்கப்பா."

அவர் வரவில்லை. வெகுநேரம் அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்து கன்றிவிட்டது. பிறகு ஒருமுறை நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் மனைவியிடம் நீட்டினார். மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்:

"போதுமா? பாரு. போயிடுச்சா?"

தையல்காரி பார்த்தாள். கை சுத்தமாகத்தான் தெரிந்தது. எந்த நாளும் அது அப்படித்தான் தெரிந்திருந்தது.

"தெரியலைங்க" என்றாள்.

அவர் கைகளை மறுபடியும் தண்ணீருக்குள் நீட்டினார்.